பீர்க்கம் பந்தலில் வண்டு வேலை

தொண்ணூறுகளின் நடுவில், கல்லூரியில் வேதியியல் கற்பித்து ஓய்வு பெற்றதும், தொண்டாமுத்தூர்ப் பக்கம் இருந்த எங்கள் தென்னந்தோப்பில் குடியேறினேன். வேலியோரம் ஒரு வாகை நின்றது. அதன் வயது யாருக்கும் தெரியாது. பாதிக்கு மேல் பட்டுப்போய், பட்டை உரிந்து வெளுத்திருந்தது. பட்ட கொம்புகளில் விரல் நுழையும் ஓட்டைகள். கொழுத்த கருவண்டுகள் உள்ளே போய் வந்தன.

தென்னங்குருத்தைத் துளைக்கும் காண்டாமிருக வண்டு மட்கிய மரத்தில் பெருகும் என்று ஒரு துண்டுப் பிரசுரத்தில் படித்திருந்தேன். அதில் படமும் இருந்தது. நான் படத்தைச் சரியாகப் பார்க்கவில்லை. மரத்தை வெட்டச் சொன்னேன்; உயிரோடிருந்த பாதியும் போயிற்று. பட்ட கொம்புகளைக் குவித்துக் கொளுத்தியபோது கட்டைக்குள்ளிருந்து ரீங்காரம் கேட்டது. பூச்சி ஒழிந்தது என்று மகிழ்ந்தேன். அதை எழுத இப்போதும் கூசுகிறது.

கொளுத்துமுன் பக்கத்துத் தோட்டத்து அம்மணி வந்து, பீர்க்கம் பந்தலுக்கு முட்டுக் கொடுக்க ஒரு கொம்பை இழுத்துப் போனார். அவர் குடும்பம் அந்தப் பந்தலை நம்பித்தான் இருந்தது.

அந்தப் போகத்தில் பந்தல் நிறையப் பூ. பிஞ்செல்லாம் வெம்பி உதிர்ந்தது. விதை சரியில்லை என்று அம்மணியிடம் தீர்ப்புச் சொன்னேன்.

"போன தடவ போட்ட அதே விதைதானுங்க சார். பொழுது சாயப் பூ விரியறப்ப உங்க வாகையிலிருந்து கருவண்டு வருமுங்க. இப்ப ஒண்ணையும் காணமுங்க."

நான் கொளுத்தியது காண்டாமிருக வண்டை அல்ல, பூவுக்குப் பூ மகரந்தம் சுமந்த வண்டுகளை என்று எனக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் இரண்டு நாள் வேலிப்பக்கம் தலைகாட்டவில்லை. மூன்றாம் நாள் போய் ஒப்புக்கொண்டேன்.

"கொளுத்துனது தெரியாதுங்களா? ஊரே புகையப் பாத்துச்சு. இத்தன படிச்சவரு, தெரிஞ்சுதான் செய்வீங்கன்னு இருந்துட்டேனுங்க." திட்டியிருந்தால் தேவலை. "சரி, இப்ப அதுக வேலைய யாருங்க பாக்கறது?"

நான்தான் பார்த்தேன். தினமும் மாலையில் ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவில் தேய்த்தேன். சற்றுத் தாமதித்தால் வேலிக்கு அப்பாலிருந்து குரல் வரும்: "ஏனுங்க வண்டு, இன்னிக்கு லீவுங்களா?" அப்படியும் பாதிப் பந்தல்தான் காய்த்தது.

அடுத்த வருடம் பூ விட்டதும் நானாகவே போய் நின்றேன். அம்மணி முட்டுக் கொம்பைக் காட்டினார். அடியில் புது மரத்தூள். ஓட்டையிலிருந்து ஒரு கருவண்டு வெளியே வந்து பூவில் உட்கார்ந்தது.

"நாளையிலிருந்து நீங்க வரவேண்டாமுங்க. பழைய ஆளுக வந்துட்டாங்க."

"இன்னும் ரெண்டு கொம்பு கேட்டிருக்கலாமே அம்மணி" என்றேன்.

"கேக்கத்தான் திரும்பி வந்தேனுங்க. அதுக்குள்ள தீக்குச்சியக் கிழிச்சுப்போட்டீங்க."