மாமா வாசித்த கடைசி வரி

எங்கள் வீட்டுப் பெண்களில் பள்ளிப் படி ஏறியவள் நான்தான் முதல். அதுவும் இங்கிலீஷ் மீடியம். மூன்றாம் வகுப்பிலேயே வீட்டில் எனக்கு நீதிபதியின் மரியாதை கிடைத்துவிட்டது. மருந்துச் சீட்டானாலும் ரேஷன் கடை நோட்டீஸானாலும் என் முன்னால்தான் வரும். நான் சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை.

அந்த வருடம் என் மாமா, அம்மாவின் தம்பி, ராணுவ ஆள்சேர்ப்பில் தேர்வையும் ஓட்டத்தையும் தாண்டிவிட்டார். மிச்சமிருந்தது அலிப்பூரில் மருத்துவப் பரிசோதனை. அடுத்த முறைக்குள் வயது தாண்டிவிடும் என்பதால் இதுதான் கடைசி வாய்ப்பு.

ஹவுராவில் ரயில்வே பட்டறைக்குப் பின்னால் இருந்த எங்கள் லைன் வீட்டில் பரிசோதனை அந்தச் செய்தி வந்த அன்றே தொடங்கியது. எடை கூட வேண்டும் என்று மாமாவுக்குக் காலையில் ஆறு வாழைப்பழம். எண் தெரியாத அம்மா, மார்பு விரிகிறதா என்று பாவாடை நாடாவால் அளந்து முடிச்சுப் போட்டு வைத்தாள். காதில் அழுக்கிருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்களாம். ஸ்டேஷன் பக்கம் காது குடைபவரிடம் தலையைக் கொடுத்துவிட்டு வந்தார் மாமா.

கண் மட்டும் என் இலாகா. காலண்டர் தாளின் பின்புறம், பெரிதாகத் தொடங்கி வரிக்கு வரி சிறுத்துக்கொண்டே போகும் ஆங்கில எழுத்துகளை எழுதினேன். இருபதடி தூரம் வேண்டும். எங்கள் வீடே பத்தடிதான். அதனால் பொது நடையின் மறுகோடியில், நாங்கள் காக்கிமா, அதாவது சித்தி, என்று கூப்பிடும் வங்காளப் பெண்மணியின் கதவில் தாளை மாட்டினேன். முதல் நாளே மாமா அருகில் போய் எட்டிப் பார்த்தார்.

"மாமா, காப்பி அடிக்காதே. மிலிட்டரியில விடுவாங்களா?"

அன்றிலிருந்து அவர் தாளை நெருங்கக் கூடாது என்பது சட்டம். தினமும் புதிய தாள் எழுதி, வேலை முடிந்ததும் சுருட்டிப் பைக்குள் வைத்துவிடுவேன். எங்கள் மிஸ் போலவே மாமாவின் பக்கத்தில் ஸ்கேலுடன் நிற்பேன். மேல் வரிகள் சரி. கடைசி இரண்டு வரிகளுக்கு வந்தால் தினமும், "தப்பு."

எட்டாவதைத் தட்டுத்தடுமாறித் தாண்டிய மாமா என் தீர்ப்பை அப்படியே நம்பினார். கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடி வாசிப்பார். மறுபடியும் தப்பு. அம்மா கலங்கிப்போனாள். பொன்னாங்கண்ணி கண்ணுக்கு நல்லதென்று, இங்கே சாஞ்சி ஷாக் என்று விற்கும் அந்தக் கீரையைக் கட்டுக்கட்டாக வாங்கி, மூன்று வேளையும் போட்டாள். நான் தளரவில்லை. தப்பு தப்புதானே.

பரிசோதனைக்கு இரண்டு நாள் இருக்கும்போது மாமா கையால் கண்ணை மூடியபடியே சொன்னார்:

"அக்கா, நான் போகல. அங்க போய் அவமானப்படறதுக்கு இங்கயே பட்டறையில சேந்துடறேன்."

அம்மா அழத் தொடங்கியதும் காக்கிமா கதவைத் திறந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, மாமாவைக் கடைசி வரியை வாசிக்கச் சொன்னார். தாளுக்கு அருகில் நின்று ஒவ்வோர் எழுத்தாக விரல் வைத்தார்.

"டீக்கி தோ போல்சே!" எல்லாம் சரியாகத்தானே சொல்கிறான் என்று சிரித்தார். பிறகு ஸ்கேலுடன் நின்ற என்னைப் பார்த்தார். "நீ படி."

அங்கே எழுத்து எதுவும் இல்லை. எறும்பு வரிசைதான் இருந்தது.

இரண்டு நாள் கழித்து, மாமா அலிப்பூரிலிருந்து ஓடியே வந்தது போலிருந்தது. ஃபிட்! அம்மா நாடாவின் முடிச்சுகளை அவிழ்த்துவிட்டு, லைன் முழுக்க ரசகுல்லா கொடுத்தாள். மறுநாள் மாமா என்னைக் கண்ணாடிக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனார். என் பயிற்சியால்தான் மாமா தேறினார் என்று வகுப்பெல்லாம் பெருமையடித்தேன். கண்ணாடி அதற்குப் பரிசு என்றே நினைத்திருந்தேன்.

அவர் புறப்பட்ட நாளில் ஹவுரா ஸ்டேஷன் நெரிசலில், டிரங்குப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு மாமா திடீரென்று நின்றார். தூரத்து ரயில் பெட்டியைக் காட்டினார்.

"பாப்பா, அது எஸ் ஃபோரா? நீ பாத்துச் சொல்லு."

புதுக் கண்ணாடியை மூக்கின் மேல் தள்ளிவிட்டுப் பார்த்தேன். எழுத்தும் எண்ணும் பளிச்சென்று தெரிந்தன. "எஸ் ஃபோர்தான் மாமா, வா!" என்று கத்திக்கொண்டு முன்னால் ஓடினேன். மாமா என் பின்னாலேயே வந்தார்.

ராணுவமே ஒப்புக்கொண்ட கண் அவருடையது என்பது எனக்கு அன்று நினைவுக்கே வரவில்லை.