நான் கோணல் என்று சொன்ன மூக்கு

தொண்ணூறுகளின் நடுவில், மந்தைவெளியில் சலூன் வைத்திருந்தேன். ஒரு நாற்காலி, ஒரு பெஞ்சு.

அபிராமபுரத்திலிருந்து ஒரு பையன் வருவான். இருபத்திரண்டு வயதிருக்கும். புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்தான். முடி வெட்டியதும் பின்பக்கம் கைக்கண்ணாடி பிடித்துக் காட்டுவோம் இல்லையா, மற்றவர்கள் தலையாட்டிவிட்டு எழுந்துவிடுவார்கள். இவன் அதை வாங்கிப் பக்கவாட்டில் வைத்துத் தன் மூக்கைப் பார்ப்பான். கோணலா என்று கேட்பான். இல்லை என்பேன். திரும்பவும் கேட்பான். முடி வெட்டாத நாளிலும் வந்து கேட்க ஆரம்பித்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பெஞ்சு நிறைய ஆள். அவன் நாற்காலியை விடவில்லை.

"ஆமா நைனா, லேசா கோணலாத்தான் கீது. எந்திரி" என்றேன்.

பெஞ்சில் எல்லோரும் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு வரவும் இல்லை. தொல்லை விட்டது என்று இருந்தேன்.

இரண்டு மாதம் போயிருக்கும். டாக்டருக்குப் படிக்கிற இரண்டு பேர் வந்தார்கள். ஒருவன் நாற்காலியில். மற்றவன் பெஞ்சில் இருந்தபடி பரீட்சைக் கேள்வியை வாசித்து விடை கேட்டான். ஒரு வாலிபன், மூக்கு கோணல் என்கிறான், பார்க்கிற யாருக்கும் கோணல் தெரியவில்லை, நாளெல்லாம் கண்ணாடி பார்க்கிறான், வேலையை விட்டுவிட்டான், என்ன நோய்?

"திமிருன்னு ஒரு ஆன்சர் இருக்கா மச்சி?" என்றான் நாற்காலியில் இருந்தவன்.

மார்க் போச்சு என்று சொல்லி, மற்றவன் ஏதோ இங்கிலீஷ் பெயர் சொன்னான். மனசு நோயாம். என் கத்தரி நின்றுவிட்டது.

அப்படிப்பட்டவனிடம் யாராவது கோணல்தான் என்று சொல்லிவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன்.

"அதையே பிடிச்சுக்குவாண்ணா. அப்புறம் நூறு தடவை இல்லைன்னாலும் நம்பமாட்டான். டாக்டர்கிட்டதான் கூட்டிட்டுப் போகணும்" என்றான் பெஞ்சில் இருந்தவன்.

நோயின் பெயரைச் சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டேன்.

அவன் அப்பா படுக்கையில் இருந்தபோது போய் முடி வெட்டியிருக்கிறேன், அதனால் வீடு தெரியும். மறுநாள் காலை போனேன். அப்பா இப்போது உயிரோடு இல்லை, அம்மா மட்டும்தான். பையன் வேலைக்குப் போகாமல் அறைக்குள்ளேயே கிடக்கிறானாம். முடியைக்கூட அந்த அம்மாதான் வெட்டிவிடுகிறாராம்.

மூடிய கதவுக்கு வெளியே நின்றேன். "உன் மூக்கு நேராத்தான் கீதுப்பா. அன்னிக்கு அவசரத்துல சொல்லிட்டேன்."

உள்ளேயிருந்து குரல் வந்தது.

"நீங்க ஒருத்தர்தாண்ணா உண்மையைச் சொன்னீங்க. இப்ப அம்மாவுக்காகப் பேசறீங்க."

அந்த அம்மா என்னைப் பார்த்தார். சீட்டைக் கொடுத்து, இந்தப் பெயரைச் சொல்லி மனசு டாக்டரிடம் காட்டுங்கள் என்றேன். வந்துவிட்டேன்.

அடுத்த மாதம் போனபோது வீடு காலி. எங்கே போனார்கள் என்று பக்கத்தில் யாருக்கும் தெரியவில்லை.

இப்போது யார் எவ்வளவு நேரம் கண்ணாடி பார்த்தாலும் எழுந்திரு என்று சொல்வதில்லை. அவனிடம் நான் சொன்னது ஒரே ஒரு பொய், அவன் நம்பியது அதை மட்டும்தான். இன்னும் நம்பிக்கொண்டிருப்பானோ என்று நினைக்கும்போது கையில் கண்ணாடி கனக்கிறது.