பால்டிரெனன் எஸ்டேட்டின் சொந்தக்காரர்

நித்தியானந்தன் எந்தக் கடிதத்தையும் இரண்டு முறை வாசிப்பார். முதல் முறை என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க, இரண்டாம் முறை என்ன எழுதாமல் விட்டிருக்கிறார்கள் என்று பார்க்க. ஜேர்மனியில் பதினாறு வருடம், லண்டனில் பன்னிரண்டு வருடம் டைல் பதித்த மனிதர். பளபளக்கும் தரையைக் கண்டால் விரலை மடக்கித் தட்டிப் பார்க்காமல் போகமாட்டார்.

டூட்டிங்கில் அவர் வாங்கிய வீடு, ஆறு வீடுகள் உள்ள பழைய கட்டடத்தின் கீழ்த்தளம். வீடுதான் அவருடையது; நிலம் வேறொருவருடையது. அந்த நிலத்தின் குத்தகை முடிய இன்னும் அறுபத்தெட்டு வருடம் இருந்தது. அது போதாது, குத்தகையை நீட்டாமல் வீட்டை விற்க முடியாது என்று வங்கியில் சொல்லிவிட்டார்கள். நீட்டித் தரவேண்டியவர் நிலத்தின் சொந்தக்காரர். பத்திரத்தில் அந்த இடத்தில் ‘பால்டிரெனன் எஸ்டேட், பேர்த்ஷயர், ஸ்கொட்லாந்து’ என்று இருந்தது. கம்பனிப் பதிவில் இயக்குநர் பெயர் கிறிஸ் பால்டிரெனன்.

நான்கு கடிதம் எழுதினார். பதில் இல்லை. லண்டனில் கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் முகவர், “எஸ்டேட்டிடம் கேட்டுச் சொல்கிறோம்” என்பதோடு நிறுத்திக்கொண்டார்.

“அவர் பெரிய பிரபுவாக்கும். உங்கட கடிதத்தை வாசிக்க அவருக்கு நேரம் கிடைக்குமே?” என்றார் மனைவி ஜெயகௌரி.

“பிரபு எண்டால் ஒரு வீடு வாசலாவது இருக்கும்தானே. அதைத்தான் காணேல்லை.”

உண்மையிலேயே காணவில்லை. வருடா வருடம் நிலவாடகை கேட்டு எஸ்டேட் பெயரில் வரும் கடிதத்தின் தலைப்பில் ஒரு கோட்டையும் மான் தலையும் இருந்தன. கைபேசி வரைபடத்திலோ அப்படி ஓர் இடமே இல்லை. வேலை முடிந்து வந்து, ஸ்கொட்லாந்தின் பழைய வரைபடங்களை இணையத்தில் ஒவ்வொன்றாகப் பெருப்பித்துப் பார்த்தார். மூன்றாம் கிழமை, வேறு எழுத்துக்கூட்டலில், ஓர் ஆற்று வளைவுக்குப் பக்கத்தில் அந்தப் பெயர் அகப்பட்டது. கீழே சிறிய எழுத்தில் ‘இடிபாடு’ என்றிருந்தது.

எடின்பரோ காணிப் பதிவகத்திலிருந்து பிரதிகள் எடுப்பித்தார். மலை ஒரு மரக் கம்பனியின் பெயரில், வயல்கள் இரண்டு விவசாயிகளின் பெயரில், வாசல் காவல்வீடு ஒரு பெண்ணின் பெயரில். எஸ்டேட்டின் பெயரில் ஒரு பிடி மண் கூட இல்லை.

“பாத்தீரே? ஊரில ஒண்டும் இல்லாதவன் டூட்டிங்கில எங்களுக்குக் காணிக்காரன்.”

அடுத்த வெள்ளிக்கிழமை லண்டன் விக்டோரியாவிலிருந்து ஸ்கொட்லாந்தின் பேர்த் நகருக்குப் போகும் பஸ்ஸில் இடம் பதிவு செய்தார். ஜெயகௌரி அவருடைய பையைத் திறந்து பார்த்தார். புதுச் சட்டை இருந்தது.

“காணி பார்க்கப் போற ஆளுக்கு என்னத்துக்குப் புதுச் சட்டை? அங்க ஆரைச் சந்திக்கப் போறியள்?”

“அது தெரிஞ்சால் நான் ஏன் போறன்?” என்றார் அவர்.

காவல்வீட்டின் கதவைச் சங்கிலி கழற்றாமல் ஒரு ஸ்கொட்லாந்துப் பெண் திறந்தார். நித்தியானந்தனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “இனிமேல் கடிதம் வாங்கி அனுப்ப என்னால் முடியாது என்று அவரிடம் போய்ச் சொல்லுங்கள்” என்றார்.

“எவரிடம்?”

“உங்களை அனுப்பியவரிடம்தான்.”

தன்னை யாரும் அனுப்பவில்லை என்று நம்பவைக்க அரைமணி நேரம் ஆனது. பிறகுதான் சங்கிலி கழன்றது. முன்பு பால்டிரெனன் பிரபு என்ற பட்டம் நிலத்தோடு ஒட்டியே இருந்ததாம். 2004இல் சட்டம் மாறி, பட்டம் தனி, நிலம் தனி என்றாகிவிட்டது. பழைய குடும்பம் நிலத்தைத் துண்டு துண்டாக விற்றது. பட்டத்தையும் வேறாக விற்றது. வாங்கியவர் ஒரே ஒரு நாள் வந்து, இடிந்த சுவர் அருகே நின்று படம் எடுத்துக்கொண்டு, கடிதங்களை வாங்கி அனுப்பச் சொல்லிவிட்டுப் போனார். “நீங்கள் அவருடைய தம்பி என்றுதான் நினைத்தேன்” என்றார் அந்தப் பெண்.

அனுப்பக் கட்டிவைத்திருந்த உறைகளில் நித்தியானந்தனின் நான்காவது கடிதமும் கிடந்தது. அவற்றைப் போட்டு அனுப்ப வைத்திருந்த பெரிய உறையில் எழுதியிருந்த முகவரி, டூட்டிங்குக்குப் பக்கத்திலிருக்கும் விம்பிள்டன்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அந்த முகவரிக்குப் போய் மணியை அடித்தார். கதவைத் திறந்தவர் அறுபது வயதைத் தாண்டியவர். நெற்றியில் திருநீறு.

“ஆரைத் தேடுறியள், தம்பி?”

“கிறிஸ் பால்டிரெனன் எண்டு ஒருத்தரை.”

அவர் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார். “உள்ளுக்கு வாங்கோ.”

கிருஷ்ணராசா என்பது அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர். பட்டம் வாங்கிய பிறகு சட்டப்படி பெயரை மாற்றி, தன் கம்பனிக்கும் அதே பெயரை வைத்திருந்தார். தேநீர் கொடுத்துவிட்டு, ஒளிக்காமல் சொன்னார்.

“டூட்டிங் நிலத்தை வாங்கின புதுசில, என்ர சொந்தப் பேரில கடிதம் போன காலத்தில வெள்ளைக்காரர் ஒவ்வொரு வரிக்கும் ஆதாரம் கேட்டினம். எங்கட ஆக்கள் வீட்டுக்கே வந்து சலுகை கேட்டினம். மான் தலை போட்ட பிறகு ஒருத்தரும் வாய் திறக்கேல்லை.”

“நான் திறந்தனான். நீங்கள் பதில் போடேல்லை.”

“ஓம், பிழைதான். லீஸை நீட்டித் தாறன். விசயம் எங்களுக்குள்ள இருக்கட்டும்.”

நித்தியானந்தன் தேநீரைத் தொடவில்லை. “லீஸ் சட்டப்படி எனக்கு வரவேண்டியது அண்ணை. மற்றதுக்கு நான் வாக்குத் தர ஏலாது.”

அடுத்த கிழமை மற்ற ஐந்து வீட்டுக்காரரையும் கூட்டி நடந்ததைச் சொன்னார். மாடியிலிருந்த ஆங்கிலேயர் கடைசிவரை கேட்டுவிட்டு, “அப்படியென்றால் அவர் உங்கள் ஆள். எவ்வளவு காலமாகப் பழக்கம்?” என்றார். எல்லோர் கண்களும் தன் பக்கம் திரும்பியதை நித்தியானந்தன் பார்த்தார். வெள்ளைக்காரரைப் பற்றிக் கிருஷ்ணராசா சொன்னது பொய் இல்லை என்று அந்த நேரம் பட்டது. அது அவருக்குக் கசந்தது.

வரைபடங்களையும் பதிவகப் பிரதிகளையும் பஸ் டிக்கட்டையும் மேசையில் பரப்பினார். மூன்றாம் மாடி அருள்நாயகி ரீச்சர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாக வாசித்தார். “இந்த மனுசன் எங்களுக்காகவும்தான் அலைஞ்சிருக்கிறார்” என்று முதலில் தமிழிலும் பிறகு ஆங்கிலத்திலும் சொன்னார்.

ஒன்றரை வருட இழுபறிக்குப் பிறகு ஐந்து வீட்டுக்காரர் சேர்ந்து நிலத்தையே வாங்கினார்கள். மாடி ஆங்கிலேயர் மட்டும் சேரவில்லை. கையெழுத்திட்ட அன்று வழக்கறிஞர் தந்த பத்திரத்தை நித்தியானந்தன் சன்னலோரம் இருந்து வாசித்தார். மற்றவர்கள் குளிர்கோட்டுகளை மாட்டிக்கொண்டு புறப்பட நிற்க, மறுபடி முதலாம் பக்கத்துக்குத் திரும்பினார்.