போகும் நோக்கம்: ஊர் சுற்றிப் பார்க்க

“இதை எழுதினது யாரு?”

போன மாதம் மெட்ராஸில் ஒரு விசா அதிகாரி, ஃபாரத்தைத் திருப்பிக் காட்டி இப்படிக் கேட்டார். நீல மையில் பளிச்சென்று என் கையெழுத்து. எழுதிய நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன்.

முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் தெருவில் பொன்னம்மாள் என்று ஓர் அம்மாள். ஐம்பது வயதிருக்கும். கணவர் இல்லை. ஒரே மகள் தங்கக்கனியைக் கொழும்பில் பலசரக்குக் கடை வைத்திருப்பவருக்குக் கட்டிக் கொடுத்திருக்கிறார். போன வருடம் அந்தப் பெண்ணுக்கு ஒரு பிள்ளை வயிற்றிலேயே தவறிவிட்டது. போன மாதம் அவளுக்கு மறுபடி எட்டு மாதம்.

பிரசவத்துக்குப் பெண் தாய்வீட்டுக்கு வருவதுதானே வழக்கம்? ஆனால் மருமகன் எழுதிவிட்டார் — இப்போது வெளியே போனால், திரும்ப உள்ளே வர அனுமதி கிடைக்குமா என்பது நிச்சயமில்லை. மகள் வர முடியாது. அப்படியானால் தாய்தான் போக வேண்டும். பாஸ்போர்ட் கைக்கு வந்ததும் விசா ஃபாரத்தைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தார்.

“அண்ணாச்சி, நீங்க ஹார்பர்ல கப்பல் ஆபீஸ்ல இருக்கீங்கள்லா. ஒங்களுக்குத் தெரியாத ஃபாரமா? பாத்து எழுதித் தாங்க.”

இந்த மாதிரிப் பேச்சில்தான் மனுஷன் கவிழ்கிறான்! பதினெட்டு வருடமாகக் கப்பல் சரக்குக்கு ஃபாரம் நிரப்புகிறவன் நான். அது போக, தூத்துக்குடிக்காரனுக்குக் கொழும்பு என்றைக்கு அந்நிய நாடாகத் தோன்றியிருக்கிறது? எங்கள் தோணிக்காரர்கள், “திருநெல்வேலி போயிட்டு வாரேன்” என்கிற மாதிரிதான் “கொழும்பு போயிட்டு வாரேன்” என்பார்கள். அந்த மெத்தனம் எனக்கும் இருந்தது.

ஃபாரத்தின் பின்பக்கம் பொடி எழுத்தில் விதிகள். படித்தேனா? இல்லை. போகும் நோக்கம் — ‘ஊர் சுற்றிப் பார்க்க’ என்று போட்டேன். தங்கும் நாள் — ‘பத்து’. பிரசவம், அது இது என்று எழுதினால் நூறு கேள்வி கேட்பார்கள், டூரிஸ்ட் என்றால் சட்டென்று முத்திரை குத்திவிடுவார்கள், இறங்கிய பிறகு நாட்களை யார் எண்ணப் போகிறார்கள்... இதுதான் என் புத்திசாலித்தனம். பொன்னம்மாளுக்கு வாசிக்கத் தெரியாது. நானாவது வாசித்துக் காட்டியிருக்க வேண்டும். கையெழுத்துப் போடும் இடத்தை மட்டும் விரலால் காட்டினேன்.

மெட்ராஸில் இருக்கும் இலங்கை விசா ஆபீஸுக்குத் துணையாக நானும் போனேன். அதிகாரி தமிழ் பேசுகிறவர். மரியாதையாகத்தான் கேட்டார்.

“எதுக்கும்மா போறீங்க?”

“மகளுக்குப் பேறுகாலம் அய்யா. போன தடவ பிள்ள தங்கல. அங்கன அவளுக்கு ஒரு பொம்பளத் தொண கெடையாது.”

“எத்தனை நாள் இருப்பீங்க?”

“அத எப்படி இப்பமே சொல்ல? பச்ச ஒடம்புக்காரிய விட்டுட்டு வர முடியுமா? பிள்ளைக்குக் கழுத்து நிக்கணும். மூணு மாசம் ஆவும்லா.”

அவர் ஃபாரத்தைப் பார்த்தார். “இதுல ஊர் சுற்றிப் பார்க்க, பத்து நாள்னு இருக்கே. எதும்மா நிஜம்?”

நான் கண்ணைக் காட்டினேன். பொன்னம்மாள் என் பக்கம் திரும்பவே இல்லை.

“நான் சொல்லுததுதான் நெசம் அய்யா. மக வலியில கெடக்கும்போது எவளாவது ஊரு சுத்திப் பாப்பாளா?”

அப்போது வந்ததுதான் அந்தக் கேள்வி.

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். ஃபாரத்தின் பின்பக்கத்தைத் திருப்பி விரல் வைத்துக் காட்டினார். உறவினரைப் பார்க்கப் போகிறவர்கள் அதையே எழுதலாம். அங்கிருப்பவரின் கடிதமும் டாக்டர் சர்ட்டிபிகேட்டும் இணைக்க வேண்டும். முதலில் ஒரு மாதம் கிடைக்கும். அதற்கு மேல் வேண்டுமானால் அங்கேயே விண்ணப்பிக்கலாம். இவ்வளவுதான் விஷயம்! உண்மையை எழுத அந்தத் தாளிலேயே இடம் இருந்திருக்கிறது.

“எழுத்து ஒண்ணு, பேச்சு ஒண்ணுன்னா நான் எதை நம்புறது சார்? சரியா எழுதிக் கொண்டு வாங்க” என்றார் என்னிடம். அவர் சொன்னதில் என்ன தப்பு?

கொழும்புக்குக் கடிதம் எழுதி, அங்கிருந்து சர்ட்டிபிகேட் வந்தது. ஒவ்வொரு வரியாக வாசித்துக் காட்டி, புது ஃபாரத்தை மெட்ராஸுக்கு அனுப்பினேன். அதற்குப் பதில் வருவதற்குள் தந்தி வந்துவிட்டது. பெண் குழந்தை, தாயும் சேயும் நலம். தெருவே சந்தோஷப்பட்டது. விசாதான் இன்னும் வரவில்லை. பொன்னம்மாள் சுக்கும் திப்பிலியும் கருப்பட்டியும் போட்டுக் கிளறி வைத்த பிரசவ மருந்து, டின்னில் மூடியபடி அடுப்படியில் இருந்தது.

போன திங்கட்கிழமை தங்கக்கனியின் கடிதம் வந்தது. நான்தான் வாசித்தேன்.

‘ரெண்டு நாள் வலிம்மா. பக்கத்துக் கட்டில்காரிகளுக்கெல்லாம் அம்மா இருந்தாங்க. கதவு திறக்கும்போதெல்லாம் நீதான்னு பார்த்தேன். மாமா ஃபாரம் எழுதித் தர்றாங்கன்னா விசா கிடைக்காமலா போகும்னு இருந்தேன். ஏம்மா நீ வரல?’

மாமா என்றது என்னைத்தான். வாசித்துவிட்டுத் தலையை நிமிர்த்த முடியவில்லை. வாரா வாரம் இந்தப் பத்திரிகையில் உங்களுக்கெல்லாம் யோசனை சொல்லுகிற ஆள் நான்!

“பதில் எழுதுங்க அண்ணாச்சி” என்றார் பொன்னம்மாள்.

“நடந்தத அப்படியே எழுதிருதேம்மா. தப்பு என் பேர்லதான.”

“வேண்டாம். அம்மைக்குக் காச்சலு, எந்திரிக்க முடியல, அதான் வரலன்னு எழுதுங்க.”

“பொய்யாவா?”

“ஒங்க மேல அவளுக்கு ரொம்ப மரியாத. அது கெட வேண்டாம்.”

அதிகாரியிடம் ஒரு வார்த்தை மாற்றிச் சொல்ல வராத மனுஷி! அவர் சொன்னபடியே எழுதி, தபாலிலும் போட்டுவிட்டேன். ஆனால் மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை.

இந்தப் பத்திரிகை எப்படியோ கொழும்பு வரை போய்விடுகிறது என்று கேள்வி. அதனால் இந்த வாரம் கடைசி வரி மட்டும் உங்களுக்கு இல்லை.

தங்கக்கனி, உன் அம்மாவுக்குக் காய்ச்சல் எதுவும் வரவில்லை.