முள் மறைந்து மறைந்து வந்த நாள்

எண்பதுகளின் கடைசியில், பாயான் லெப்பாஸில் கப்பல் ராடார் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் டெஸ்ட் டெக்னீஷியனாக இருந்தேன். அந்த வேலையில் நான் பயந்தது ஒரே ஒரு நாள்தான்.

எங்கள் டெஸ்ட் அறையைக் கறுப்பு ரூம் என்போம். சுவர், கூரை, கதவின் உட்புறம் எங்கும் கரி கலந்த ஸ்பாஞ்ச் கூம்புகள். ராடார் அலை அவற்றில் பட்டால் திரும்பாது. சத்தமும் அப்படித்தான். உள்ளே கத்தினால் வெளியே கேட்காது. ஒரு முனையில் ராடார் ஆன்டெனா இருக்கும், எதிர்முனையில் புனல் போன்ற சின்ன ஹார்ன் ஆன்டெனா. ராடார் அனுப்பும் பல்ஸை ஹார்ன் வாங்கி, கொஞ்சம் தாமதமாகத் திருப்பி அனுப்பும். பல மைல் தள்ளி ஒரு கப்பல் நிற்பதாக ராடார் நம்பிவிடும். வெளியே ஸ்கோப் திரையில் அந்தப் பொய்க் கப்பல் ஒரு பச்சை முள்ளாகத் தெரியும்.

அன்று கோலாலம்பூரிலிருந்து இரண்டு கஸ்டமர்கள் வந்திருந்தார்கள். இன்ஜினியர் பாலன் அவசரத்தில் தானே உள்விளக்கை அணைத்துக் கதவைச் சாத்தினார். நான் குறைந்த பவரில் ஆரம்பித்தேன். முள் அழகாக வந்தது. பாலன் அதைக் காட்டி விளக்கிக்கொண்டிருந்தபோதே காணாமல் போனது. திரும்ப வந்தது. மறுபடி போனது.

"கேபிள் லூஸா இருக்கும் லா. ஃபுல் பவர் போடு சாந்தி, சரியாயிரும்," என்றார்.

கேபிள் லூஸ் என்றால் முள் தாறுமாறாகத் துடிக்கும். இது நிதானமாக மறைந்தது, நிதானமாக வந்தது. ஹார்னுக்கு முன்னால் யாரோ வந்து நின்று விலகுவதைப் போல.

அப்போதுதான் நினைவு வந்தது. பராமரிப்பு வேலை பார்க்கும் கனி அண்ணன், கழன்ற கூம்பு ஒன்றை ஒட்டப் பசை டின்னோடு உள்ளே போனதைச் சாப்பாட்டுக்கு முன் பார்த்திருந்தேன். திரும்பி வந்ததைப் பார்க்கவில்லை. ஃபுல் பவரில் ஆன்டெனாவுக்கு எதிரே நின்றால் கண் போய்விடும் என்று பயிற்சியிலேயே சொல்லியிருந்தார்கள்.

"சார், கனி அண்ணன் வெளியே வந்துட்டாரா?"

"கேன்டீன்ல இருப்பாரு. நீ போடு," என்று குரலைத் தாழ்த்திச் சொன்ன பாலன், நான் அசையாததைப் பார்த்துத் தானே பவர் குமிழுக்குக் கையை நீட்டினார். நான் சிவப்பு எமர்ஜென்சி சுவிட்சை அடித்துவிட்டுக் கதவுக்கு ஓடினேன். இரண்டு கையாலும் இழுத்துத்தான் திறக்க முடிந்தது.

தூரத்து முனையிலிருந்து கனி அண்ணன் தடுமாறி நடந்து வந்தார். சட்டை முழுக்க வியர்வை. ஹார்ன் ஸ்டாண்டுக்குப் பின்னால் படுத்துக் கூம்பை ஒட்டிக்கொண்டிருந்தபோது விளக்கு அணைந்ததாம். இருட்டில் கூம்புகளுக்கு நடுவே கதவின் கைப்பிடி அகப்படவில்லை. கத்தியது, சுவரில் அடித்தது எதுவும் எங்களுக்குக் கேட்கவில்லை. பிறகு சுவரைத் தடவியபடி ஹார்னுக்கே திரும்பிப் போயிருக்கிறார்.

"எவ்ளோ பவர் போட்டிருக்கீங்கன்னு தெரியல தங்கச்சி. முன்னால போய் நிக்க பயமாத்தான் இருந்துச்சு," என்றார். "ஆனா வேற எப்படி உன்னைக் கூப்பிடறது?"

பாலன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கஸ்டமர்களிடம் இன்று டெஸ்ட் இல்லை என்று நான்தான் சொன்னேன்.

மறுநாள் பாலனே புது விதி போட்டார்: உள்ளே போகிறவர் ராடாரை இயக்கும் டிரான்ஸ்மிட்டர் சாவியைத் தன் பையில் போட்டுக்கொண்டுதான் போகவேண்டும். விதி வந்த பிறகும், டெஸ்டுக்கு முன் நான் விளக்கோடு உள்ளே போய் ஒவ்வொரு மூலையையும் பார்ப்பதை விடவில்லை. இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்வது இதுதான்: திரையில் காரணம் தெரியாத ஒன்று வந்தால் பவரை ஏற்றாதீர்கள். கதவைத் திறந்து பாருங்கள்.