காலுக்குக் கிடைத்த ஜீப்

என் இடது கால் ஒடிந்ததில் எங்கள் லயத்திலேயே அதிகம் சந்தோஷப்பட்டவள் நான்தான். வலி கொஞ்ச நாள்தான் இருந்தது. அதற்குப் பிறகு ஜீப் வந்தது.

அப்போது நான் ஐந்தாம் வகுப்பு. மூணாறுக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில் இருந்தோம். ஒரே கூரையின் கீழ் வரிசையாக ஒட்டி நிற்கும் தொழிலாளர் வீடுகளுக்குத்தான் லயம் என்று பேர். அம்மா கொழுந்து பறித்தாள். அப்பாவுக்கு பேக்டரியில் வேலை. பள்ளிக்கூடம் டவுனில் இருந்தது. லயத்துப் பிள்ளைகள் கூட்டமாக நடந்து போவோம். எஸ்டேட் ஆபீஸில் வேலை பார்க்கும் ஸ்டாஃப் வீட்டுப் பிள்ளைகளை மட்டும் ஒரு ஜீப் ஏற்றிக்கொண்டு போகும். இதில் எங்களுக்கு ஒரு வருத்தமும் இருந்ததில்லை. குருவி பறக்கிறதே, நாம் நடக்கிறோமே என்று யாராவது வருத்தப்படுவார்களா?

மழைத்தண்ணீர் வடிவதற்காகத் தேயிலைக்கு நடுவே வெட்டியிருந்த கானை, அத்தை மகளோடு பந்தயம் கட்டித் தாண்டினேன். அவள் தாண்டிவிட்டாள். நான் உள்ளே கிடந்தேன். நல்ல காலமோ கெட்ட காலமோ, அந்த நேரம் மேனேஜர் துரை அந்தப் பக்கம் வந்தார். தன் வண்டியிலேயே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். மாவுக்கட்டு போட்டு முடிந்ததும், கால் சரியாகும்வரை இந்தப் பிள்ளையும் ஸ்கூல் ஜீப்பில் போகட்டும் என்று பீல்டு ஆபீசரிடம் சொல்லிவிட்டார். துரை வாயால் சொன்ன சொல். அன்று சாயங்காலத்துக்குள் லயம் முழுக்கத் தெரிந்துவிட்டது.

கட்டுப்போட்ட கால் மடங்காது என்பதால் எனக்கு முன் சீட் கிடைத்தது. அந்த சீட்டுக்காக ஸ்டாஃப் பிள்ளைகள் தினமும் சண்டை போடுவார்களாம். என் கால் வந்து அந்தச் சண்டையைத் தீர்த்துவைத்தது. ஆபீஸ் கிளார்க்கின் மகள் மட்டும் என்னோடு ஒட்டிக்கொண்டு முன்னால் உட்காருவாள். நல்ல பிள்ளை. என் மாவுக்கட்டில் ஸ்கெட்ச் பேனாவால் ஒரு மயில் வரைந்தாள். அது கோழி மாதிரி இருந்தது. நான் மயில் என்றே எல்லோரிடமும் சொன்னேன்.

அவளுக்கு மலையாளப் பாடம் என்றால் வேப்பங்காய். இங்கிலீஷ் ஸ்கூல் பிள்ளை, ஆனாலும் மலையாளப் பரீட்சையிலிருந்து தப்ப முடியாது. ஜீப் வளைந்து வளைந்து இறங்கும்போதெல்லாம் மடியில் புத்தகத்தை விரித்துச் சத்தமாக ஒப்பிப்பாள். எங்கள் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் என் வகுப்புக்கு மலையாளம் இன்னும் ஆரம்பித்திருக்கவில்லை. அவள் விரல் போகிற இடத்தில் என் கண்ணும் போனது. தமிழில் ஒரே 'க' நிற்கிற இடத்தில் அங்கே நான்கு பேர் நிற்பது எனக்கு வேடிக்கையாக இருந்தது. அவள் தடுமாறும் இடங்களை நான் முந்திச் சொல்ல ஆரம்பித்தேன்.

ஒரு நாள் ரேஷன் கடைக்கு அம்மாவோடு போயிருந்தேன். கதவு பூட்டியிருந்தது. பெண்கள் வெயிலில் வரிசை போட்டு நின்றார்கள். கதவில் சாக்பீஸால் மலையாளத்தில் எழுதியிருந்ததை, கக்கத்துக் கட்டையை ஊன்றிக்கொண்டு நின்றபடி வாசித்தேன். "இன்னைக்கு மண்ணெண்ணெய் இல்லயாம், அம்மா. நாளைக்காம்."

வரிசை சிரித்துக்கொண்டும் திட்டிக்கொண்டும் கலைந்தது. அம்மா மட்டும் நகரவில்லை.

"இன்னொரு தடவ வாசி."

வாசித்தேன்.

"எந்த டீச்சர் சொல்லிக் குடுத்தாங்க?"

"டீச்சர் இல்லம்மா. ஜீப்புல படிச்சேன்."

அந்த வருஷம்தான் ரேஷன் கார்டில் அப்பா பேரைத் திருத்த அம்மா தேவிகுளம் ஆபீசுக்கு நடையாய் நடந்துகொண்டிருந்தாள். ஒவ்வொரு தடவையும் சுவரில் மலையாளத்தில் ஒட்டியிருப்பது என்னவென்று யாரையாவது கெஞ்சிக் கேட்டுவிட்டுத்தான் எந்த ஜன்னலில் நிற்பது என்று முடிவு செய்வாள். மறுநாள் காலை எனக்குத் தலை வாரும்போது ரிப்பனை இறுக்கிக் கட்டியபடி சொன்னாள்: "அந்தப் புள்ளகிட்ட நல்லா ஒட்டி ஒக்காரு. என்னா?"

எனக்கோ அதற்குள் ஜீப் சலித்துப்போயிருந்தது. காரணம் மழை. வளைவில் ஜீப் வரும் சத்தம் கேட்டதும் நடக்கிற பிள்ளைகள் ரோட்டோரக் கானுக்குள் இறங்கி ஒதுங்குவார்கள். நானும் எத்தனையோ தடவை ஒதுங்கியிருக்கிறேன். உள்ளே இருந்து பார்த்தால் அது எப்படி இருக்கும் என்று மட்டும் தெரியாது. ஒரு நாள் குழியில் இறங்கிய சக்கரம் சேற்றை வாரி அத்தை மகளின் பாவாடையில் அடித்தது. அவள் நிமிர்ந்தாள். என்னைப் பார்த்தாள். யாரோ மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சாயங்காலம் அவளிடம் போனேன்.

"பாத்தேல்ல? அப்ப வண்டிய நிறுத்தச் சொல்ல வேண்டியதுதான?" என்றாள்.

அது நியாயமாகப் பட்டது. மறுநாள் டிரைவரிடம் கேட்டேன். "அண்ணே, அவளையும் ஏத்திக்கிடுவமா? எடம் கெடக்குல்லா."

"ஏத்திக்கிடலாம் பாப்பா. அவளுக்கும் காலு ஒடஞ்சா ஏத்திக்கிடலாம்" என்றார் அவர். கோபமாகச் சொல்லவில்லை. சட்டம் என்னவோ அதைச் சொன்னார்.

நான் திரும்பிப் பின் சீட்டைப் பார்த்தேன். வரிசையாக உட்கார்ந்திருந்த பிள்ளைகளின் கால்கள் எல்லாம் நன்றாகத்தான் இருந்தன. இவர்களுக்கு எது ஒடிந்திருக்கிறது என்று கேட்க நினைத்தேன். கிளார்க் மகள் பாடத்தை ஆரம்பித்துவிட்டாள்.

மாவுக்கட்டைப் பிரித்த அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை. இனி அத்தை மகளோடு நடக்கலாம், கொய்யா மரத்தடியில் நிற்கலாம். ஆனால் கொழுந்து எடை போடும் இடத்தில் பீல்டு ஆபீசர் மலையாளம் கலந்த தமிழில் அம்மாவிடம், "குட்டிக்கு கால் சரியாயோ?" என்று கேட்டபோது அம்மா சொன்னாள்: "இன்னும் ஊன முடியல சாரே. ராத்திரியெல்லாம் மொனங்குது புள்ள."

"சரி, இன்னும் ஒரு வாரம்கூடப் போகட்டே" என்றார் அவர்.

எனக்கு ஆச்சரியமாக இருந்தது. நான் முனகுவது எனக்கே தெரியவில்லையே! தூக்கத்தில் முனகுகிறேன் போல என்று நினைத்தேன். அம்மா தினமும் சாயங்காலம் என் காலை மடியில் போட்டு எண்ணெய் தேய்த்தாள். அடுத்த வாரமும் அதே கேள்வி, அதே பதில். அதற்கடுத்த வாரமும். பாவம், அம்மா என் காலை நினைத்து இப்படி உருகுகிறாளே, அவள் கவலையை எப்படியாவது தீர்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றிவிட்டது.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் கூரை ஒழுகுவதைப் பார்க்க ஆபீசர் லயத்துக்கு வந்தார். வாசலுக்குக் கீழே நானும் அத்தை மகளும் கட்டம் போட்டுப் பாண்டி விளையாடிக்கொண்டிருந்தோம். மேலே அம்மாவின் குரல் கேட்டது.

"வலி விட்ட பாடில்ல சாரே. நொண்டி நொண்டித்தான் நடக்கா."

இதுதான் சமயம் என்று மேலே ஓடினேன். "இல்லம்மா! வலிக்கவே இல்ல! இங்க பாரேன்!" என்று சொல்லி, வலது காலைத் தூக்கிக்கொண்டு, ஒடிந்த அந்த இடது காலாலேயே வாசலை ஒரு சுற்றுக் குதித்துக் காட்டினேன். அத்தை மகள் கைதட்டினாள்.

ஆபீசர் சத்தம் போட்டுச் சிரித்தார். அவர் கெட்ட மனுஷர் இல்லை. "நல்லதாச்சு. அப்போ திங்கக்கிழமை தொட்டு நடக்கலாமில்லே?" என்றார்.

"நடப்பா சாரே" என்றாள் அம்மா. அவளும் சிரித்தாள். ஆனால் முந்தானையை எடுத்து, வேர்க்காத முகத்தைத் துடைத்தாள். ஆபீசர் கூரையைப் பார்க்கும்போது மழை ஒழுகலுக்கு வாளி வைக்கும் இடத்தைக் காட்ட மறந்துவிட்டாள். நான்தான் காட்டினேன்.

அடி விழவில்லை. திட்டும் விழவில்லை. சாயங்காலம் வழக்கம்போலக் காலை இழுத்து மடியில் வைத்து எண்ணெய் தேய்த்தாள். கை அன்று கொஞ்சம் அழுத்தமாக இருந்தது.

"அதான் வலிக்கலயேம்மா" என்றேன்.

"தெரியும்" என்றாள்.

திங்கட்கிழமை நடந்தோம். என் பள்ளிக்கூடப் பையை அத்தை மகளும் நானும் மாற்றி மாற்றிச் சுமந்தோம். வளைவில் ஜீப் சத்தம் கேட்டது. எல்லோரும் கானுக்குள் குதித்தோம். முன் சீட்டிலிருந்து கிளார்க் மகள் கையை வெளியே நீட்டி ஆட்டினாள். நானும் துள்ளித் துள்ளி ஆட்டினேன்.

ஜீப் போன பிறகு சரிவில் அம்மாவைப் பார்த்தேன். இடுப்பளவு தேயிலைக்கு நடுவே, பக்கத்து வரிசைப் பெண்களெல்லாம் பறித்தபடி முன்னேறிப் போயிருக்க, அவள் மட்டும் கொழுந்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். "அம்மா!" என்று கத்திக் கையை ஆட்டினேன். அவளுக்குக் கேட்கவில்லை. தலை மட்டும் ஜீப் போகிற பக்கம் மெல்லத் திரும்பியது. ஜீப் கீழ் வளைவில் ஒரு தடவை தெரிந்தது, அதற்கும் கீழே இன்னொரு தடவை தெரிந்தது.

"எங்கம்மைக்கு ஜீப்புன்னா அவ்வளவு பிடிக்கும் போல" என்றேன் அத்தை மகளிடம்.

"அப்ப ஒரு நாளாவது நீ அவுகளக் கூட்டிட்டுப் போயிருக்கலாம்ல" என்றாள் அவள்.

எனக்கும் அது தோன்றாமல் போய்விட்டதே என்று இருந்தது. மேற்கொண்டு யோசிப்பதற்குள் கொய்யா மரம் வந்துவிட்டது.