நிழலுக்குள் போட்ட கோடு

அவள் டீ குடிக்கும் விதம்கூட எனக்குப் பிடிக்காது. குன்னூரில் ஒரு பேக்கரியின் மாடியில் இயங்கும் எங்கள் அலுவலகத்தில் அவளுக்கு என் பக்கத்து இருக்கை. ஸ்ரீமதுரை கிராமத்திலிருந்து வந்து விடுதியில் தங்கியிருந்தாள். எனக்குப் பிறகு வெகுநாள் கழித்துச் சேர்ந்தவள். ஆனால் வேலையில் வேகம், பேச்சில் இனிமை, போதாக்குறைக்கு இடுப்புவரை முடி. ஒரு மனுஷிக்கு ஏதாவது ஒரு குறையாவது இருக்க வேண்டாமா?

ட்ரோன் எடுத்த மலைச்சரிவுப் படங்களைத் திரையில் விரித்து, தேயிலை எது, காடு எது, பாதை எது என்று ஒவ்வொன்றையும் சுற்றிப் புள்ளிகள் வைத்துக் கோடு கட்டுவது எங்கள் வேலை. அதைப் பார்த்துத்தான் கம்ப்யூட்டர் கற்றுக்கொள்ளுமாம். தேயிலையும் காடும் ஒட்டுகிற இடத்தில் இரண்டுக்கும் ஒரே கோடு. தேயிலையை ஒருவர் முடித்துவிட்டால், காட்டை வரைகிறவர் அதே புள்ளிகள்மேல்தான் தன் புள்ளிகளை வைக்க வேண்டும். தனியாக வரைந்தால் நடுவே சந்து விழும், இல்லையென்றால் ஒன்றின்மேல் ஒன்று ஏறும்.

அப்போது எங்களில் ஒருவரைச் சரிபார்ப்பவராக உயர்த்தப் போவதாகப் பேச்சு. இருந்தது ஒரே இடம். போட்டியில் நானும் அவளும். எனக்கு அந்த இடம் வேண்டும், அவளுக்குக் கிடைக்கவும் கூடாது.

ஒரு படத்தில் தேயிலை எனக்கு, காடு அவளுக்கு. ஓரத்து சில்வர் ஓக் மரங்களின் நிழல் செடிகள்மேல் படுத்துக்கிடந்தது. அவசரப்பட்டால் நிழலின் விளிம்பைக் காட்டின் விளிம்பு என்று வரைந்துவிடுவோம். நான் படத்தைப் பெரிதாக்கி, இருட்டுக்குள் செடிவரிசை எங்கே முடிகிறதென்று தேடித் தேடிப் புள்ளி வைத்தேன். கழுத்து பிடித்துக்கொண்டது. அவள் என் புள்ளிகள்மேல் தன் காட்டை ஒட்டிவிட்டு டீ குடிக்கப் போனாள்.

மறுநாள் எங்கள் டீம் லீடர் அந்தப் படத்தைப் பெரிய திரையில் போட்டார். கோயமுத்தூர்க்காரர்.

"எல்லாரும் இந்த ஓரத்தைப் பாருங்க. நெழலு ஏமாத்தற எடம். எத்தன சுத்தமா போட்டிருக்குது பாருங்க இந்தப் புள்ள."

கடைசியாகச் சேமித்தவர் பெயர்தான் திரையில் தெரியும். தெரிந்தது அவள் பெயர். எல்லார் முன்னாலும் 'அது என்னுடையது' என்று எப்படிச் சொல்வது? நான் வார்த்தை தேடிக்கொண்டிருக்கும்போதே அவள் எழுந்தாள்.

"சார், அது அக்கா போட்டதுங்க. நான் அதுமேல ஒட்டுனேன், அவ்வளவுதான்."

அவர் என்னைப் பார்த்து, "அப்படீங்களா, நல்லாருக்குதுங்க" என்றார். பிறகு அவளைத்தான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த வாரமே சரிபார்ப்பவர் இடம் அவளுக்குப் போனது. "கோடு யாரு வேணா பழகிக்கலாமுங்க. தன்னுது இல்லாதத இல்லைன்னு சொல்ற ஆளுதான் சரிபாக்க வேணும்" என்று என்னிடமே விளக்கினார். என் கோடு அவளுக்கு ஏணியாகிவிட்டது.

கீழே பேக்கரியில் வர்க்கி வாங்கிவந்து எனக்குத்தான் முதலில் நீட்டினாள். தின்றேன். அவள் மட்டும் அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால், அவளை நான் நிம்மதியாக வெறுத்திருப்பேன்.